அழித்த வரியைப் படித்தவன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், உன் சுகத்தை எழுது என்று அடித்துத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், மீதியை முழுக்கப் படித்துவிட்டு நீயே தெரிந்துகொள். நீ சுகமாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியம், இதைப் படிக்கும் நேரத்தில் நீ வேறு அறைக்கு மாறியிருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, முப்பத்தைந்து வருஷம் கீபோர்டில் ஓடின விரல்கள், பேனாவைப் பிடித்தால் கோழி கிளறின மாதிரிதான் வரும். இதை நம் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும், காதில் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகிக்கொண்டிருப்பாளே, தெருவே அவளைத் திருப்புளி என்றுதான் கூப்பிடும். அவள் கடையின் பின்பக்க மேஜையில், மூடி கழற்றிப் போட்ட மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பதினொன்று, வெயில் உள்ளே வரைக்கும் அடிக்கிறது, டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு வரி முடிந்ததும் தலை தானாகத் திரும்பிப் பார்க்கிறது, யாரும் இல்லை, மறுபடி எழுதுகிறேன்.

பதினாறு நாளைக்கு முன்னால் இதே மேஜையிலிருந்து உனக்கு நாலு வரியில் ஒரு சீட்டு போட்டேன். உடனே அறையை மாற்று, காரணம் பிறகு எழுதுகிறேன், வீட்டு விலாசத்துக்கு எதுவும் போடாதே, இந்தக் கடை விலாசத்துக்குப் பதில் போடு என்று. தபால் போக ஐந்து நாள், வர ஐந்து நாள், இன்றைக்கு வரை பதில் இல்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறேன், இப்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுக் கடையைத் தாண்டிப் போய்விடுகிறார். பொறுக்க முடியாமல் நாலு நாள் முன்னால் இந்தக் கடைப் போனிலிருந்து நீ வேலை பார்க்கிற கண் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். எடுத்த பெண், வேலை செய்கிறவர்களைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்றாள். நான் அவளைப் பெற்ற அம்மா என்றேன். "அப்படித்தாம்மா எல்லாரும் சொல்றாங்க, போன மாசம் ஒருத்தர் அண்ணன்னு சொல்லிக்கிட்டுக் கேட்டார்" என்றாள். உனக்கு ஏது அண்ணன். கண் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாகப் போன் போட்டுத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான், அங்கேயும் வந்துவிட்டுப் போயிருக்கிறான், அந்தப் பெண் வாயைத் திறக்காததால் தப்பித்தோம். அவள் நன்றாக இருக்கட்டும்.

அவன் என்றே எழுதுகிறேன், மாப்பிள்ளை என்று எழுத பேனா ஒத்துக்கொள்ளவில்லை. நீ அவனை விட்டுப் போன நாளிலிருந்து நான் உனக்கு எழுதின முறை உனக்கே தெரியும். போன் வேண்டாம், மெயில் வேண்டாம், எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பான் என்று நீ சொன்னாய். அதனால் முன்னறையில், வருகிறவர்களுக்கு மனுவும் விண்ணப்பமும் அடித்துக் கொடுக்கிற அதே கம்ப்யூட்டரில் உனக்குக் கடிதம் அடிப்பேன், பிரிண்ட் எடுப்பேன், உடனே அழிப்பேன், அழித்தது போய் விழுகிற குப்பைத்தொட்டியையும் காலி செய்வேன், விலாசத்தை மட்டும் உறைமேல் கையால் எழுதிப் போடுவேன். ஊர் பெயரை ஒரு தடவைகூட அடித்ததில்லை. இன்டர்நெட்டில் போனால்தானே பிடிப்பான், காகிதத்தை எப்படிப் பிடிப்பான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. முன்கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுத் திருடனை உள்ளே பாய் விரித்துப் படுக்க வைத்திருக்கிறேன் என்பது தெரியாமல் போயிற்று.

நீ போன இரண்டாவது மாதம் ஒரு மத்தியானம் அவன் வந்தான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தப்பெல்லாம் என்மேலதான் அத்தை என்று ஒரு பாட்டம் அழுதான். அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. "ஒரு மணி நேரம் குடுங்க அத்தை, புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றான். அவன் பிழைப்பே அதுதானே, வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. பாஸ்வேர்டு கேட்டான், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன், உன் பிறந்த தேதி, அதைப் பார்த்து இன்னொரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் காகிதக் கட்டு வாங்கக் கடைக்குப் போனேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ கொடுத்து உபசரித்தார், அவருக்குத்தான் வெளுத்ததெல்லாம் பாலாயிற்றே. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினதை அவர் பார்த்திருக்கிறார், மெஷினுக்கு அதுதான் மருந்து போலிருக்கிறது என்று நினைத்தாராம். வேடிக்கை என்னவென்றால் மெஷின் நிஜமாகவே வேகமாக ஓட ஆரம்பித்தது. அதற்கப்புறம் மாதம் இரண்டு தடவை வருவான். ஒரு தடவை ரொட்டி வாங்கி வந்து, "வீட்டுக்குக் கீழேயே பேக்கரி இருந்தா வாசனையிலயே வயிறு நிறைஞ்சிடும் இல்ல அத்தை" என்றான். வாசனையே போதும் என்று பட்டினி கிடக்காதே என்று அந்த வாரம்தான் நான் உனக்கு அடித்திருந்தேன். இன்னொரு தடவை, புதன்கிழமை லீவு கிடைக்கிறவங்க கொடுத்து வச்சவங்க என்றான். எனக்கு என்னவோ நெருடியது, ஆனால் பேக்கரியும் புதன்கிழமையும் இல்லாத ஊர் எது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன மாதக் கடைசியில் உனக்கு அடித்த கடிதத்தின் நடுவில் ஒரு விஷயம் வந்து விழுந்துவிட்டது. நானாக யோசித்து அடிக்கவில்லை, விரல் தானாக அடித்தது. அவன் முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்த அன்று, சமையலறை வாசலில் நின்ற உன் கையிலிருந்து போனை வாங்கி, யார் யார் உனக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்தான். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே இரண்டு தடவை கையை நீட்டினாய், அவன் கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை நீ நீட்டவில்லை. நான் அடுப்புப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன், ஆசையில் செய்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாலை இறக்கி வைத்தேன். அதைத்தான் அடித்திருந்தேன், அன்றைக்கே பார்த்தேன், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை, என்னை மன்னிப்பாயா என்று. திரையில் அதைப் படித்ததும் உடம்பு கூசிற்று. உன்னிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன், அப்புறம்தான் பிரிண்ட் எடுத்தேன். உனக்கு வந்த கடிதத்தில் அது இல்லை, எந்தத் தாளிலும் அது இல்லை, அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நாலு நாள் கழித்து அவன் வந்தான், முன்னறையில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்தான், நடுவில் ரொம்பச் சாதாரணமாக, "அன்னைக்கே பார்த்தும் வாயைத் திறக்கலைன்னு உங்களை நீங்களே குத்திக்காதீங்க அத்தை, ஆசையில பண்ணதுதானே" என்றான். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டான். நான் எழுந்து போய்ச் சர்க்கரை கொண்டுவந்து போட்டேன், கரண்டி டம்ளரில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது, அவன் அதையும் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் தவறிச் சொன்னானா, எனக்குத் தெரியட்டும் என்றே சொன்னானா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உனக்கு எழுத முடியாமல் அழித்ததை உனக்கு முன்னால் அவன் படித்துவிட்டான் பாப்பா. அவனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் இப்போது கையால் எழுதிவிட்டேன், மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்.

மறுநாள் காலையில் திருப்புளியிடம் ஓடினேன். முதலில், எனக்கு வயதாகிவிட்டது, ஏதேதோ தோன்றுகிறது என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன், பேய் பிடித்தவள் மாதிரிதான் போய் நின்றிருப்பேன். அவள் சிரிக்கவே இல்லை. கடைசியாக அந்த மெஷினைத் தனியாக யார் கையில் கொடுத்தீங்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வீட்டுக்கு வந்தாள், ஆனால் மெஷினைப் போடவே இல்லை. "ஓட விட்டுப் பார்த்தா நாம பார்க்கிறதையே அது படம் புடிச்சு அனுப்பிடும்மா" என்று சொல்லி, கரண்டைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருந்த டிஸ்க்கை மட்டும் கழற்றி, காய்கறிப் பைக்குள் வைத்து இங்கே கொண்டுவந்து வேறு மெஷினில் மாட்டிப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிரிண்டருக்குத் துணை என்கிற மாதிரி ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒரு திருட்டுப் புரோகிராம் உட்கார்ந்திருந்தது. வைரஸைத் தேடிப் பிடிக்கிற மென்பொருளிடம் இதை மட்டும் கண்டுகொள்ளாதே என்று அவன் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான். நான் அழுத்துகிற ஒவ்வொரு விசையும் அதில் பதிவாகும், அழிக்கிற விசை உட்பட, அதனால் என்ன அடித்தேன், எதை அழித்தேன், எவ்வளவு நேரம் தயங்கினேன் என்று எல்லாம் அவனுக்குப் போகும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் எடுக்கும். மைக்கும் கேமராவும் அவன் கையில் இருக்கலாம் என்றாள். மெஷின் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லையே என்றேன். "வைரஸ்னா கெடுக்கும், கெடுத்தா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. இது உளவு பார்க்க வந்தது, இது நல்ல பிள்ளையா இருந்துக்கிட்டே பார்க்கும்" என்றாள். அதை எடுத்துத் தூரப் போடு என்று நான் கத்தினதற்கு, அவசரப்படாதீங்க, இது பேசாமப் போன அன்னைக்கே அவன் உஷாராயிடுவான், முதல்ல உங்க பொண்ணு பத்திரமாகட்டும் என்றாள். எல்லாவற்றையும் ஆதாரத்துக்குப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, டிஸ்க்கைப் பழையபடி கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அன்றைக்குத்தான் அந்த நாலு வரிச் சீட்டைப் போட்டேன்.

அதிலிருந்து அந்த வீட்டில் நான் குடியிருப்பதை எப்படி எழுதுவேன். ஒன்றும் தெரியாத மாதிரி தினமும் காலையில் மெஷினைப் போட வேண்டும், அதன் முன்னால் உட்கார வேண்டும். திரைக்கு மேலே இருக்கிற அந்தச் சின்னக் கேமராப் புள்ளி, எட்டு மாதமாக அதன் முன்னால் நின்றுதான் தலை வாரிக்கொண்டிருந்தேன், இப்போது அதற்கு நேரே தும்முவதற்குக்கூடக் கூச்சமாக இருக்கிறது. பிளாஸ்திரி ஒட்டி மூடலாம், ஒட்டினால் தெரிந்துவிடும். மெஷின் விஷயத்தை அப்பாவிடம் சொல்லவில்லை, அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். மற்றதைக்கூட அவரிடம் வீட்டுக்குள் சாதாரணமாகப் பேசுவதில்லை, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் முணுமுணுக்கிறேன், அவர் தண்ணீர் வீணாகிறது என்று வந்து மூடிவிட்டுப் போகிறார். மத்தியானம் கண் அசந்தால், யாரோ முன்னறையில் டைப் அடிக்கிற சத்தம் கேட்டு எழுந்து உட்காருகிறேன், போய்ப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கிறது. எனக்கு வந்தது போகட்டும், என்னை நம்பி வந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள். கணவர் அடித்த காயத்தைக் காட்டி மனு அடித்துக்கொண்டு போன பெண், தனக்கு வந்த நோயை வீட்டில் சொல்லாமல் மருத்துவ உதவிக்கு விண்ணப்பம் போட்ட ஆசிரியர், இவர்கள் கதையெல்லாம் எட்டு மாதமாக அவன் மேஜைக்குப் போயிருக்கிறது. விரலில் வலி என்று சொல்லி இப்போது வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். அந்த ஆசிரியர் எனக்குத் தைலம் வாங்கி வந்து கொடுத்தார், வாங்கிக்கொண்டு உள்ளே போய் அழுதேன்.

மூன்றாவது நாள் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. ஊர் பெயரை நான் அடித்ததில்லை, ஆனால் பேக்கரி, கண் ஆஸ்பத்திரி, புதன்கிழமை, பாலம் கட்டுகிறார்கள் என்பதால் பஸ் சுற்றிப் போகிறது என்று சிறுகச் சிறுக நானே கோலம் போட்டுக் காட்டியிருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சேர்த்துப் பார்த்தால் உன் வாசலுக்கு வழி. அவன் வந்து சேர இன்னும் எத்தனை நாள். அதனால் அந்த மெஷினில் உனக்கு ஒரு கடிதம் அடித்தேன், அனுப்புவதற்கு அல்ல. நீ வேலை மாறி, வடக்கே ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் இருக்கும் பெரிய நகரத்துக்குப் போனது நல்லதாயிற்று என்று அடித்தேன். கை தவறின மாதிரி ஊர் பெயரையும் அடித்து, குடியிருப்பின் பெயரையும் அடித்தேன். போன வருஷம் ஒருவருக்கு வாடகை ஒப்பந்தம் அடித்துக் கொடுத்தேனே, அதிலிருந்து எடுத்த பெயர். ஆறு கட்டடம், ஆயிரம் வீடு, வாசலில் காவலாளி, வருகிறவர் பெயரை எழுதுகிற பதிவேடு. யாரோ ஒரு அப்பாவியின் கதவை அவன் போய்த் தட்டிவிடக் கூடாது என்றுதான் காவல் இருக்கிற இடமாகப் பார்த்தேன். பொய் என்று தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காக வீட்டு விஷயத்தை எல்லாம் உண்மையாகவே எழுதினேன், அப்பா முட்டி வலியை மறைத்துக்கொண்டு, நான் பார்க்காத நேரம் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறுகிறார் என்பது வரைக்கும். வழக்கம்போலப் பிரிண்ட் எடுத்தேன், அழித்தேன், அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். அடித்தபோது அழுதது மட்டும் நடிப்பில்லை.

அவன் நேராக என்னிடம் வருவான் என்று பார்த்தேன். வரவில்லை, அப்பாவைப் பிடித்தான். நீ ஏன் போனாய் என்பதை நான் அப்பாவிடம் முழுக்கச் சொன்னதில்லை, அவருக்குத் தாங்காது என்று நினைத்தேன், அதனால் அவர் இதை ஏதோ புருஷன் பெண்டாட்டிச் சண்டை, பெரியவர் ஒருவர் போய் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும் என்றே இருந்தார். பத்தாவது நாள் சாயங்காலம் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, கூட வேலை பார்த்த ஸ்டோர்காரருக்கு உடம்பு சரியில்லையாம், பார்த்துவிட்டு நாலு நாளில் வருகிறேன் என்றார். அந்த ஸ்டோர்காரர் செத்துப் போய் ஒரு வருஷம் ஆகிறது, துக்கத்துக்கு நானும்தான் போயிருந்தேன். உன் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது ஊரறிந்த விஷயம். பெட்டியில் நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சட்டை இருந்தது. எங்கே போகிறார், யாரோடு போகிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது. தடுத்திருக்கலாம். தடுத்தால் அவன் தனியாகப் போவான், அல்லது சந்தேகப்பட்டுப் போகாமலே இருந்துவிடுவான். நான் மாத்திரை டப்பாவையும் துண்டையும் எடுத்துப் பெட்டியில் வைத்து, ஸ்டோர்காரரை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றேன். வாசலில் நின்று அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்தேன். கட்டின கணவரை அந்த ஆளோடு அனுப்பிவிட்டு, நாலு நாளும் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

அப்பா திரும்பிவிட்டார், அதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன் திருப்புளி சொல்லச் சொன்னவற்றை எழுதிவிடுகிறேன், பக்கத்தில் நின்று என்னைத் துரத்துகிறாள். அவன் வாங்கிக் கொடுத்த போனை நீ விட்டுவிட்டுப் போனது நல்லது. ஆனால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போனாயே, அது அவன் கையில் இரண்டு வருஷம் புழங்கின பொருள், அதை நம்பாதே. அதில் உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டு மாற்றினால் பழைய பூட்டின் சாவியோடு புதுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி, அதனால் நம்பிக்கையான வேறு ஒருவர் மெஷினில் உட்கார்ந்து மாற்று. மெயிலைத்தான் முதலில் மாற்ற வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் தாய்க்கதவு. பாஸ்வேர்டு மறந்துபோனால் யாரைக் கேட்பது என்ற இடத்தில் அவன் நம்பர் இன்னும் இருக்கிறதா என்று பார், பலபேர் இதில்தான் கோட்டை விடுகிறார்களாம். எங்கெல்லாம் உன் கணக்கு திறந்து கிடக்கிறதோ எல்லா இடத்திலிருந்தும் வெளியே வந்துவிடு, உள்ளே நுழைய உன் போனுக்கு ஒரு எண் வந்தால்தான் திறக்கும் என்று வைத்துக்கொள். என்னை மாதிரிப் பிறந்த தேதியை வைத்துத் தொலைக்காதே. லேப்டாப்பை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, ஆதாரம் ஏதாவது இருந்தால் முதலில் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் மொத்தமாகத் துடைத்துப் புதிதாகப் போடச் சொல். அப்டேட் கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாமல் போட்டுவிடு. இலவசமாக வேகப்படுத்துகிறேன், சுத்தம் செய்கிறேன் என்று எது வந்தாலும் ஆழம் தெரியாமல் காலை விடாதே, யார் பென்டிரைவையும் செருக விடாதே. போனில் நீ இருக்கும் இடத்தை யாருக்குக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அணைத்துவிடு. இன்னொன்று, அம்மா அனுப்பினது என்று மெயிலில் படம் வந்தாலும் கோப்பு வந்தாலும் திறக்காதே. நான் மெயில் போட மாட்டேன், போட்டால் அது நான் இல்லை.

அப்பா முந்தாநாள் மத்தியானம் வந்தார், தனியாக. உள்ளே வந்ததும் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல், கொஞ்சம் நடந்துட்டு வரலாம் வா என்றார். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னார். ரயிலில் அவன் ராஜ உபசாரம் செய்திருக்கிறான், போர்வை, தலையணை, வேளாவேளைக்கு டீ. குடியிருப்பு வாசலில் காவலாளி பதிவேட்டைப் புரட்டிவிட்டு அப்படி ஒருத்தரும் இல்லை என்றதும் அவன் முகம் மாறிவிட்டதாம். "இங்கதான் இருக்கா, அத்தையே எழுதியிருக்காங்க பாருங்க மாமா" என்று போனை எடுத்து அப்பாவின் கண்ணுக்கு நேரே நீட்டியிருக்கிறான். நான் அடித்த கடிதம், அப்படியே. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்திருக்கிறார், தன் முட்டி வலி, கைப்பிடி, மாடிப்படி எல்லாம். "நான் உன்கிட்டயே மறைச்சது, அவன் போன்ல இருக்கு" என்றார் என்னிடம். அந்த இடத்தில்தான் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது, பென்டிரைவ், டீ, நீ ஏன் போனாய் என்பது உட்பட. இதெல்லாம் எப்படி உங்களுக்கு வருது என்று கேட்டதற்கு, பொண்டாட்டி எங்க இருக்கான்னு புருஷனுக்குத் தெரிய வேண்டாமா என்றானாம். அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாராம். நீங்க இங்கயே நில்லுங்க, கூட்டமாப் போனா விடமாட்டாங்க, நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காவலாளியிடம் போயிருக்கிறார். முப்பது வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவருக்கு வாசலில் நிற்கிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியாதா, உள்ளே விட்டுவிட்டார்கள்.

பாப்பா, அந்தக் கடிதம் பொய் என்று அப்பாவுக்குத் தெரியாது. நீ வேறு பெயரில் அங்கேதான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறார். பத்து மாதமாக உன் முகத்தைப் பார்க்காதவர், உன்னைப் பார்ப்பதற்கென்றே ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து போனவர். மோட்டார் அறை ஓரத்தில் ஒரு சிமெண்டுத் திண்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். யாரையும் கேட்கவில்லை, ஒரு மணியையும் அழுத்தவில்லை. "எந்த ஜன்னல்னு தெரியல. எல்லா ஜன்னலையும் ஒரு தடவை பார்த்துக்கிட்டேன். எந்திரிச்சு வெளிய வந்து, அவ போன வாரமே காலி பண்ணிட்டுப் போயிட்டாளாம், இன்னும் வடக்கே மலைப்பக்கம் ஏதோ ஊராம்னு அந்த ஆள்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். அவன் நம்பினானா என்று கேட்டேன். நம்பாம என்ன, எனக்குத்தான் பொய் சொல்ல வராதே, ஊருக்கே தெரியுமே என்றார். அவனை மலைப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கையசைத்துவிட்டு, ரயில் பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். அவளை ஜன்னலை மூடியே வைக்கச் சொல்லி எழுது என்றார் என்னிடம். அப்போதுதான் நான் உண்மையைச் சொன்னேன், அந்த ஊரே பொய், நீ அங்கே போனதே இல்லை என்று. "அப்போ நான் பார்த்த ஜன்னல் ஒண்ணுலயும் அவ இல்லையா" என்றார். இல்லை என்றேன். நல்லதாப் போச்சு என்றார், ஆனால் எழுந்திருக்க அவருக்கு என் கை வேண்டியிருந்தது.

மலையில் அவன் இன்னும் பத்துப் பதினைந்து நாள் சுற்றுவான், அப்புறம் புத்தி பழைய வழிக்கே திரும்பும். அதற்குள் நீ அறையையும் ஆஸ்பத்திரியையும் மாற்றியாக வேண்டும், எலி வளையானாலும் தனி வளை, சின்ன அறையாக இருந்தாலும் கதவு உறுதியாக இருக்கட்டும். திருப்புளி எடுத்த படங்களை எல்லாம் நான் மனு அடித்துக் கொடுக்கிற வக்கீல் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், புகார் கொடுக்கலாம், நிற்கும் என்கிறார். ஆனால் உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன், உன் வாழ்க்கையில் உன்னைக் கேட்காமல் நடந்தவை போதும். அதுவரை வாரம் ஒரு பொய்க் கடிதம் அந்த மெஷினில் அடித்துக்கொண்டிருப்பேன், மலையில் குளிருமே, ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்று.

நீ போகிற இடத்தில் தாழ்ப்பாள் உன் பக்கம் இருக்கட்டும், உன் கையில் இருப்பதை யாரும் பிடுங்கிப் படிக்காத வாழ்க்கை உனக்கு அமையட்டும், நீ பல்லாண்டு நன்றாக இரு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விவரமாகக் கடிதம் எழுது, என்ன சாப்பிட்டாய், யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் எழுது என்று இத்தனை நாளும் உன்னை நச்சரித்த நான்தான் சொல்கிறேன், எதுவும் எழுதாதே. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், ஒரு சொல்லும் வேண்டாம். ஒரு வெறும் தாளை மடித்து உறையில் போட்டு இந்தக் கடை விலாசத்துக்கு அனுப்பு. நீ மடித்த மடிப்பு எனக்குத் தெரியும்.

தபால்காரர் வரும் நேரத்துக்கு இந்த மேஜையில் தினமும் அப்பாவோடு உட்கார்ந்திருக்கும்,

உன் அம்மா